என்னிடம் தொழில் பழகிய பையனிடமே வேலைக்குப் போவதா?

கேள்வி: எனக்கு 47 வயது, கார்த்திகை வந்தால் 48. அருப்புக்கோட்டையில் 22 வருடமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒருகாலத்தில் வைகாசி மாதம் முழுக்க வீட்டில் சாப்பிட நேரமிருக்காது. கொரோனாவுக்குப் பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. கடை வாடகைக்கே திண்டாட்டம். கடன் நாலு லட்சம் ஆகிவிட்டது: வங்கியில் நகைக்கடன் இரண்டரை லட்சம், வெளியில் மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, 12,000 சம்பளம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். வீடு சொந்தம். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சம் இருக்கிறது. எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை.

சென்னைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று வழி இருக்கிறது. என் மைத்துனர் சோழிங்கநல்லூர் பக்கம் சாப்பாட்டுக் கடை போடுகிறார்; ஆறு லட்சம் போட்டால் பாதிப் பங்கு என்கிறார். வீட்டை அடமானம் வைத்தால் புரட்டலாம். இரண்டாவது, தெரிந்தவர் மூலமாக ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சூப்பர்வைசர் வேலை. 12 மணி நேர டியூட்டி, 19,000 சம்பளம், தங்க இடம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. மூன்றாவது, என் ஸ்டுடியோவில் நாலு வருடம் எடுபிடியாக இருந்து தொழில் பழகிய பையன் இன்று வடபழனியில் எட்டுப் பேரை வைத்துக் கல்யாண போட்டோ கம்பெனி நடத்துகிறான். “அண்ணே, வாங்க, எடிட்டிங்கை நீங்க பாத்துக்கங்க, 28,000 தர்றேன்” என்கிறான். அவனுக்கு 31 வயதுதான். நான் லைட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன். அவனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த வயதில் இனி சென்னையில் முளைக்க முடியுமா? குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவதா?

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். முழுக் கடிதத்தில் வீட்டை அடமானம் வைத்து ஆறு லட்சம் போடுவதைப் பற்றி மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். பழைய பையனிடம் வேலைக்குப் போவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம். வீடே கையைவிட்டுப் போகக்கூடிய விஷயம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை; 28,000 ரூபாய் சம்பளம் கெடுக்கிறது. தொழில் மாற வேண்டிய கட்டாயத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். கடன் வாங்கி முதலாளியாக இருப்பது கௌரவம், கடன் இல்லாமல் சம்பளக்காரராக இருப்பது இறக்கம் என்று மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கணக்கைக் கலைத்தாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடபழனிக்குப் போங்கள், இப்போதைக்குத் தனியாகப் போங்கள், கையிலிருந்து ஒரு ரூபாய்கூட எதிலும் போடாமல் போங்கள். முதல் ஒரு வருடம் சென்னையிலிருந்து ஊருக்குப் பணம் வரட்டும். ஊரிலிருந்து சென்னைக்குப் போக வேண்டாம். தெரியாத ஊரில் தெரியாத தொழிலில் பணம் போடுகிறவர், ஊரையும் தொழிலையும் ஒரே நேரத்தில் தன் காசிலேயே படிக்கிறார். 25 வயதில் அப்படிப் படித்துத் தோற்றாலும் எழுந்துகொள்ளக் காலம் இருக்கிறது. உங்களுக்கு மகளின் கல்லூரி இன்னும் இரண்டே வருடத்தில் நிற்கிறது.

சாப்பாட்டுக் கடையைச் சட்டென்று முடித்துவிடலாம். உங்களுக்குச் சமையல் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. மைத்துனருக்குத் தெரியுமா என்றும் இல்லை. பாதிப் பங்கு என்கிறாரே, அது எழுத்தில் வருமா, கடையின் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், நஷ்டம் வந்தால் அதிலும் பாதியா? அப்புறம், அது கட்டடத்துக்குள் இருக்கும் கடையா, சாலையோரக் கடையா? சாலையோரம் என்றால் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி தரும் விற்பனைச் சான்று வேண்டும். அது இல்லாத கடையை எந்த நாளும் எடுத்துவிடச் சொல்லலாம். எப்படியிருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். சோழிங்கநல்லூர் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் மதியச் சாப்பாட்டு வியாபாரம் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்களை நம்பித்தான் ஓடுகிறது. அவர்கள் வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வருகிறார்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை, மைத்துனர் கையிலும் இல்லை. மனைவி வழி உறவு என்பதால் முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம், தெரிகிறது. “ஒரு வருஷம் நடத்துங்க மாப்ளே, கணக்கைப் பாத்துட்டு அப்புறம் சேர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். நன்றாக ஓடுகிற கடைக்கு ஒரு வருடம் கழித்தும் பங்காளி தேவைப்பட்டால், அப்போது பேசிக்கொள்ளலாம்.

செக்யூரிட்டி வேலையை அப்படித் தள்ளிவிட முடியாது. அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. கிடைக்கும், மனைவி, மகளோடு உங்களை நம்பியிருக்கும் அம்மாவையும் மருத்துவத்துக்குச் சேர்க்கலாம். பி.எஃப்.பில் இன்னொரு விஷயம் இருக்கிறது, உங்கள் வயதில் நிறையப் பேர் கவனிக்காதது. அதிலிருந்து மாத ஓய்வூதியம் வர, 58 வயதுக்குள் பத்து வருடச் சேவை சேர்ந்திருக்க வேண்டும். ஆடியில் சேர்ந்தால் உங்களுக்குப் பத்து வருடமும் மேலே சில மாதங்களும் கையில் இருக்கும். கார்த்திகை தாண்டினால் அந்த உபரியும் போய்விடும். நடுவில் வேலை விட்டுப்போனால் எண்ணிக்கை குறையும். அதிலும் அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள் காட்டியிருந்தால்தான் புதிதாகச் சேருகிறவருக்கு ஓய்வூதியக் கணக்கே உண்டு.

சரி, இவ்வளவும் கூடி வந்தால் எவ்வளவு கிடைக்கும்? இன்றைய சூத்திரப்படி 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் சுமார் 2,140 ரூபாய். இதற்காக, சர்க்கரை உள்ள ஒருவர் பத்து வருடம் தினமும் 12 மணி நேரம், இரவும் பகலும் மாறி மாறி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பி.எஃப்.பில் உண்மையில் பெரியது குடும்பத்துக்கான பாதுகாப்புதான்: பணியில் இருக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனால் காப்பீடாக 7 லட்சம் வரை வரலாம், மனைவிக்கு ஓய்வூதியமும் உண்டு. வடபழனியில் எட்டே பேர் வேலை செய்வதால் பி.எஃப். கட்டாயமில்லை (20 பேர் வேண்டும்), இ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை (10 பேர்). அந்த ஓட்டையை நீங்களே அடைக்க வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வருவோம்.

உங்கள் ஸ்டுடியோ படுத்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. ஆதார் மையத்தில், பாஸ்போர்ட் சேவை மையத்தில், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், எல்லா இடத்திலும் அங்கேயே உட்கார வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். மீதி எல்லாவற்றுக்கும் செல்போன் இருக்கிறது. சிறிய ஊர் ஸ்டுடியோவுக்குத் தினசரிச் செலவைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். அந்தப் பையன் சரியான நேரத்தில் சரியான ஊருக்குப் போனார். உங்களிடம் படித்த தொழிலை வைத்துத்தான் போனார். அதை அவர் மறக்கவில்லை என்பதற்குத்தானே இந்த அழைப்பு? பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறாரோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. எட்டுப் பேருக்குச் சம்பளம் போடுகிற சின்னக் கம்பெனிக்காரர் பரிதாபத்துக்காக மாதம் 28,000 செலவு செய்ய மாட்டார். பரிதாபம் என்றால் ஐந்தாயிரத்தை ஒருமுறை கையில் வைத்து, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். “எடிட்டிங்கைப் பாத்துக்கங்க” என்கிறார் இல்லையா, அதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்று ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கேமரா போகிறது. நாலாயிரம், ஐயாயிரம் படம் வந்து விழுகிறது. கண் மூடிய படம், ஆடிப்போன படம், ஒரே மாதிரி பத்துப் படத்தில் நல்ல ஒன்று, இதையெல்லாம் இப்போது மென்பொருளே பிரித்துவிடுகிறது. முகத்தில் பரு எடுப்பது, நிறம் சரிசெய்வது எல்லாம் ஒரு சொடுக்கு. வெறும் எடிட்டராகப் போய் உட்கார்ந்தால், இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் 28,000 அவருக்குக் கனமாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது உங்களுக்கு 50.

மென்பொருளுக்குத் தெரியாதது ஒன்று உங்களுக்குத் தெரியும். மேடையில் கூட்டமாக நிற்பவர்களில் தாய்மாமன் யார் என்று அதற்குத் தெரியாது. பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்ட படத்தில் அவர் பாதிக் கண் மூடியிருந்தால், அது அந்தப் படத்தைக் கழித்துவிடும். ஆல்பம் வீட்டுக்குப் போகும், “எங்க அண்ணனை எங்கே?” என்று பெண்ணின் அம்மா கேட்பார், அதோடு மீதிப் பணம் நின்றுவிடும். எந்த வீட்டில் பட்டம் கட்டுவார்கள், எந்த வீட்டில் காசி யாத்திரை உண்டு, எங்கே நலங்கு முதல் நாளே முடிந்துவிடும், தாலி கட்டும் நேரத்தில் எந்தப் பக்கம் நின்றால் கெட்டிமேளக்காரர் மறைக்க மாட்டார், இதெல்லாம் 22 வருடத்தில் உங்கள் கண்ணுக்குப் பழகிப்போனது. சென்னைப் பையன்கள் சினிமா போல அழகாக எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நூறு படம் எடுத்துவிட்டு, பாட்டி ஆசீர்வாதம் பண்ணியதை விட்டுவிடுகிறார்கள். பணம் கொடுக்கிறவர் பெரும்பாலும் அந்தப் பாட்டியின் மகன்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வேலை இது: முன்பதிவுக்கு வரும் குடும்பத்திடம் உட்கார்ந்து பேசுவது, சடங்கு வரிசையையும் கட்டாயம் எடுக்க வேண்டிய உறவுக்காரர்கள் பட்டியலையும் எழுதி வாங்குவது, கல்யாணத்தன்று அந்தப் பட்டியலோடு மண்டபத்தில் நின்று பையன்களை வழிநடத்துவது, கடைசியில் ஆல்பத்தைப் பார்த்துச் சரி சொல்வது, பாக்கியை வசூலிப்பது. சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலும் முதலாளியே இதையெல்லாம் செய்து திணறிக்கொண்டிருப்பார். முப்பது வயதுக்காரர் சொன்னால் தலையாட்டாத பெண்ணின் அப்பா, நரை விழுந்த உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார். உங்கள் வயது விலைபோகிற ஒரே இடம் என்றுகூடச் சொல்லலாம், அதை விட்டுவிடாதீர்கள்.

சென்னையில் நீங்கள் புதிதாகப் பழக வேண்டியதும் இருக்கிறது. இங்கே வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையே நடக்கும். இரவு பதினோரு மணி வரை மேடை கலையாது. விடிகாலை நாலரை, ஆறு முகூர்த்தம் என்றால் தூக்கம் அவ்வளவுதான். சர்க்கரை இருப்பதால் அந்த இரவுகளில் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மண்டபத்தில் கடைசிப் பந்தியில் இனிப்போடு உட்காரும் பழக்கம் உங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பழகும் முறை. நீங்கள் அவரை இன்றும் “வாடா, போடா” என்றுதான் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். இருவரும் தனியாக டீ குடிக்கும்போது அப்படியே பேசுங்கள், அவருக்கும் அதுதான் பிடிக்கும். ஆபீஸில், முக்கியமாக வாடிக்கையாளர் முன்னால், “வாங்க, போங்க” என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் நாக்கு கூசும். அதைச் செய்யாவிட்டால், இரண்டு மாதத்தில் அவருக்கு நீங்கள் பாரம் ஆகிவிடுவீர்கள். 23 வயதுப் பையன் ஒருவன் உங்களை “ப்ரோ” என்று கூப்பிடுவான். சென்னையில் அது மரியாதைக் குறைவு கிடையாது, அவன் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான். “நம்ம கடையில இப்படித்தான் பண்ணுவோம்” என்ற பேச்சையும் கொஞ்ச நாள் அடக்கிவையுங்கள். அவருக்கும் ஒரு பயம் இருக்கும்: அண்ணன் நம் தப்பையெல்லாம் பார்த்துவிடுவாரே என்று. தப்பைப் பார்த்தால் எல்லோர் முன்னாலும் சொல்லாமல் மாலையில் தனியாகச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிடப் பத்து நாள் போய் இருந்து பார்ப்பது நல்லது. ஆனி மாத முகூர்த்தங்கள் முடியும் முன் ஒரு நடை போய், இரண்டு மூன்று கல்யாணத்துக்கு அவர்களோடு நில்லுங்கள். சும்மா உதவிக்கு என்று போகாமல், நாள் கூலி பேசி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை அவர் கையால் பணம் வாங்கும்போது என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடலாம், என் ஆலோசனையையும் சேர்த்து.

பத்து நாளும் நன்றாகப் போனால் ஆடியில் சேருங்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் வைகாசி, ஆனியில் எடுத்த ஆல்பங்கள் எல்லாம் தேங்கி நிற்கும். வேலையைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல மாதம் இல்லை. சேரும் முன் நியமனக் கடிதம் கேளுங்கள். “நமக்குள்ள என்னண்ணே லெட்டர்?” என்று அவர் சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதியில் சம்பளம், அது வங்கிக் கணக்கில் வருமா, வார விடுமுறை எந்த நாள் (ஞாயிறு கிடைக்காது, ஆசைப்படாதீர்கள்), இரவு முழுக்க மண்டபத்தில் நின்றால் தனியாக எவ்வளவு, இவை எழுத்தில் இருக்கட்டும். இன்னொன்று: “ஆபீஸ்லயே தங்கிக்கங்கண்ணே, வாடகை மிச்சம்” என்றும் சொல்வார். மறுத்துவிடுங்கள். ஆபீஸில் தங்குகிறவர் காலையில் கதவு திறக்கிறவராகவும், இரவில் கூரியர் வாங்குகிறவராகவும், கொஞ்ச நாளில் வாட்ச்மேனாகவும் ஆகிவிடுவார்.

வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் பகிர்ந்து தங்கும் அறை தேடுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் உங்கள் வயதுக்காரர்கள் நிறைய இருப்பார்கள், பேச்சுத்துணை கிடைக்கும். ஆனால் நடுராத்திரி மண்டபத்திலிருந்து திரும்புகிறவருக்கு வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வசதி. மாநகரப் பேருந்தில் குளிர்சாதனம் இல்லாத எல்லா வண்டியிலும் ஏறிக்கொள்ள மாதம் 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. அறை, மெஸ் சாப்பாடு, போக்குவரத்து, செல்போன் எல்லாம் சேர்த்து 13,000-க்குள் நிறுத்தப் பாருங்கள். ஊருக்கு 15,000 அனுப்ப முடிய வேண்டும். சர்க்கரை மாத்திரையை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

போவதற்கு முன் மூன்று வட்டிக் கடனை முடித்துவிடுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000 வட்டி மட்டும் போகிறது. இரண்டரை லட்சம் நகைக்கடனுக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்தால்கூட மாதம் 1,900-க்குள்தான். ஆகவே நகை கொஞ்ச நாள் வங்கியிலேயே இருக்கட்டும். கடையைக் காலி செய்தால் ஒரு லட்சம் அட்வான்ஸ் வரும். பாக்கி ஐம்பதாயிரத்துக்குப் பழைய வீடியோ கேமரா, லைட், பிரின்டர், ஏ.சி. என்று எது போகுமோ கொடுங்கள். நல்ல கேமரா ஒன்றும் இரண்டு லென்ஸும் மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்காரரிடம் பணத்தைக் கட்டும்போது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் திரும்பக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். அதில் தகராறு செய்தால், அநியாய வட்டிக்கு எதிராக 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

பி.எஃப். இல்லாத ஓட்டையை அடைக்கும் விஷயம். உங்கள் வங்கியிலேயே இரண்டு அரசுக் காப்பீடு உண்டு. வருடம் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு (50 வயதுக்குள் சேர வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்), 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. இரண்டையும் நீங்களும் மனைவியும் இந்த வாரமே எழுதிக்கொடுத்துவிடுங்கள். இது போதாது; கடன் குறைந்ததும் ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், சர்க்கரையை மறைக்காமல் சொல்லி எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசியில் பணம் வராமல் போய், மனைவி அலைவதைவிட இரண்டாயிரம் கூடுதல் பிரீமியம் பரவாயில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்; உங்கள் மனைவியின் சம்பளமே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே தனியார் மருத்துவக் காப்பீடுதான் வழி. அதில் ஏற்கனவே இருக்கும் சர்க்கரைக்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். 47-இல் எடுத்தால் 50-இல் முழுப் பாதுகாப்பு. அடல் ஓய்வூதியத் திட்டம் 40 வயதோடு முடிந்துவிடும், அது உங்களுக்கு இல்லை. என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம், மாதம் ஆயிரம் போட்டால்கூடப் போதும், ஆனால் அதுவும் வட்டிக் கடனுக்குப் பிறகுதான்.

குடும்பத்தை இப்போது கூட்டிப்போக வேண்டாம் என்றேன். சொந்த வீடு, மனைவியின் வேலை, அம்மாவுக்குப் பழகின தெரு எல்லாம் ஊரில் இருக்கிறது, அது ஒரு காரணம். பெரிய காரணம் உங்கள் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதைவிடப் பெரியது, மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு. அதற்கும் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். (அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதானா என்று எழுதவில்லை, அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.) சென்னைக்குப் போனோம், நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்ப்போம் என்று கடைசி ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டால் இரண்டும் போய்விடும். பிளஸ் டூ முடியும்வரை அவளை அசைக்காதீர்கள். கல்லூரிக்குச் சென்னை வருகிறாளா, மதுரை போகிறாளா என்பதைப் பார்த்துவிட்டுக் குடும்பம் எங்கே என்று முடிவு செய்யலாம். அப்போது வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் ஒழிய. சென்னை வழக்கம் அதற்கு மேலே ஓடும், பேசிக் குறைக்க இடம் இருக்கிறது.

இதில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நகை அவருடையது. நீங்கள் போன பிறகு அம்மாவையும் மகளையும் வேலையையும் சேர்த்து இழுக்கப்போகிறவர் அவர். எனக்கு எழுதியதை அவரிடமும் ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள், ஆறு லட்சம் விஷயம் உட்பட. தன் தம்பியைப் பற்றி அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம்.

முளைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். வேலை இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம், அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அந்த மாதிரி நாளில் முடிவெடுக்காதீர்கள். ஒரு வருடம் முடிந்ததும் உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள்: ஊருக்கு மாதாமாதம் பணம் போனதா, நகையில் ஒரு பகுதியாவது திரும்பியதா, உங்கள் பெயரைச் சொல்லிக் கம்பெனிக்குக் கல்யாணம் வர ஆரம்பித்ததா. மூன்றாவது நடந்திருந்தால் சம்பளத்தோடு கமிஷனும் பேசலாம். முதல் இரண்டும் நடக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கடையைப் பூட்டுவதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஹார்டு டிஸ்க்குகளிலும் பழைய கேசட்டுகளிலும் அருப்புக்கோட்டையின் 22 வருடக் கல்யாணங்கள் இருக்கும். கடை முன்னால் ஒரு அறிவிப்பு ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்: இந்தத் தேதிக்குள் வந்து பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இவ்வளவு என்று. நிறையப் பேர் வருவார்கள். வீடியோ கேசட் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க டெக் இல்லாமல் இருக்கும் வீடுகளும் தேடி வரும். வட்டிக் கடனை முடிக்கக் குறைகிற ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதி அதிலேயே தேறலாம். வருகிறவர்களின் போன் நம்பரையும், வீட்டில் அடுத்து யாருக்குக் கல்யாணம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டைக்காரர்களின் பிள்ளைகள் பலர் இப்போது சென்னையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் கல்யாணத்துக்கும் போட்டோ எடுக்க ஆள் வேண்டும். இதை ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்; ஆவணி வந்துவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது.